புது விண்டோஸ் வந்தால் பழைய கம்ப்யூட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

நமது கடைகளில் தராசும் கல்லாவும் எவ்வளவு அவசியமோ, அந்த அளவுக்கு இன்று கம்ப்யூட்டரும் அவசியமாகிவிட்டது. மண்டி வைத்திருப்பவர் லாரி கிளம்புவதற்கு முன் ஈ-வே பில் எடுக்க வேண்டும். மளிகைக் கடைக்காரர் மாதம் தவறாமல் ஜி.எஸ்.டி. கணக்கு ஏற்ற வேண்டும். கொள்முதல் பணம் வங்கிக் கணக்கிலிருந்து போகிறது. யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதுகூட இப்போது பேரேட்டில் இல்லை, கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது.

2025-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களை நம் உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. சோப்பு, பற்பசை, தலை எண்ணெய், பிஸ்கட் ஆகியவை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. நெய்யும் வெண்ணெயும் 12-லிருந்து 5-க்கு வந்தன. ஒரே இரவில் பில்லிங் கணக்கில் விகிதங்களை மாற்ற வேண்டியிருந்தது. அக்டோபர் 20 தீபாவளி. டிசம்பர் 3 நமது அண்ணாமலையார் மகாதீபம். இவற்றுக்கு நடுவே, அக்டோபர் 14 அன்று, விண்டோஸ் 10 என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குத் தனது ஆதரவு முடிந்தது என்று மைக்ரோசாப்ட் நிறுவனம் அறிவித்தது. கம்ப்யூட்டர் திரையில் அறிவிப்பு வந்தது. பின்னாலேயே, "இந்த மெஷின் இனி உதவாது, புதுசு வாங்கிவிடுங்கள்" என்று சொல்பவர்களும் வந்தார்கள்.

வாங்கத்தான் வேண்டுமா என்பதே கேள்வி. தேவையில்லாமல் வாங்கினால் முதல் முடங்கும். தேவைப்படும்போது வாங்காவிட்டால் கணக்கே போகலாம், வங்கிப் பணமும் போகலாம். கம்ப்யூட்டரின் வயதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், அது நம் கடையில் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதே நமது கருத்து. அதற்கான விவரங்களைக் கீழே தருகிறோம்.

ஆதரவு முடிந்தது என்றால் என்ன பொருள்?

ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் தலைமைக் கணக்குப்பிள்ளை போன்றது. பில்லிங் மென்பொருள், பிரிண்டர், இன்டர்நெட் ஆகிய அனைத்தும் அதன் மூலமாகத்தான் இயங்குகின்றன. திருடர்கள் புகுவதற்கு வழியான ஓட்டைகள் அதில் அவ்வப்போது தெரிய வரும். மைக்ரோசாப்ட் மாதந்தோறும் அந்த ஓட்டைகளை அடைத்து அனுப்பும். இதைத்தான் அப்டேட் என்கிறோம்.

நம் கடைப் பூட்டைப் பூட்டுக் கம்பெனி ஆள் மாதம் ஒருமுறை வந்து பார்த்து, புதிதாகக் கிளம்பியுள்ள கள்ளச்சாவிக்கு ஏற்பச் சரி செய்துவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வருவது நின்றுவிட்டால் பூட்டு அன்றே உடைந்து விழாது. ஆனால் அதன் பிறகு வரும் ஒவ்வொரு கள்ளச்சாவிக்கும் அந்தப் பூட்டு திறக்கக்கூடும். ஆதரவு முடிந்த விண்டோஸின் நிலையும் இதுதான். பில் போடும், அச்சடிக்கும், நேற்று ஓடியது போலவே இன்றும் ஓடும். ஆபத்து மட்டும் மாதாமாதம் கூடிக்கொண்டே போகும்.

இது புதிய விஷயமும் அல்ல. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8-இல் ஆதரவு முடிந்தது. 2009-இல் வந்த விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. விண்டோஸ் 8.1-க்கு 2023 ஜனவரி 10-இல் முடிந்தது. விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலையில்.

இதில் நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டின் காலாவதித் தேதி அது தயாரான நாளிலிருந்து கணக்கு, நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல. விண்டோஸும் அப்படியே. 2020-இல் புது மெஷின் வாங்கியவருக்கும், 2015-இல் வாங்கியவருக்கும் விண்டோஸ் 10 ஒரே நாளில்தான் காலாவதியானது. முதலாமவருக்கு ஐந்தாண்டு, இரண்டாமவருக்குப் பத்தாண்டு. அடுத்த முறை கம்ப்யூட்டர் வாங்கும்போது, "இதில் இருக்கும் விண்டோஸுக்கு இன்னும் எத்தனை ஆண்டு ஆதரவு?" என்று கேட்டு வாங்குவது நல்லது.

புது விண்டோஸில் பழைய மெஷின் ஏன் திணறுகிறது?

1995-இல் விண்டோஸ் 95 வந்தபோது குறைந்தபட்சம் 4 எம்.பி. ரேம் போதும் என்றார்கள். எக்ஸ்.பி.க்கு 64 எம்.பி. ஆனது. விண்டோஸ் 7-க்கு 1 ஜி.பி. ஆனது. 2021-இல் வந்த விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. வேண்டும். 4 எம்.பி.யிலிருந்து 4 ஜி.பி. என்றால் ஆயிரம் மடங்கு. நாம் போடும் பில் ஆயிரம் மடங்கு கூடவில்லை. கூடியதெல்லாம் விண்டோஸ் தனக்காகச் செய்துகொள்ளும் வேலைகள்: வைரஸ் சோதனை, அப்டேட் இறக்குவது, பைல்களுக்குப் பட்டியல் போடுவது போன்றவை.

ரேம் என்பது நம் கடையின் மேஜை. ஹார்டு டிஸ்க் என்பது பின்னால் இருக்கும் குடோன். மேஜை பெரிதாக இருந்தால் அடிக்கடி வேண்டிய சரக்கை அதிலேயே பரப்பி வைக்கலாம். சிறிதாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் பையன் குடோனுக்கு ஓட வேண்டும். புது விண்டோஸ் வந்ததும் அதன் சாமான்களே மேஜையில் பாதியை அடைத்துக்கொள்கின்றன. பில்லிங் மென்பொருளுக்கு இடம் குறைகிறது, பையனின் ஓட்டம் கூடுகிறது. "மெஷின் ஸ்லோ" என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த ஓட்டத்தைத்தான்.

இதற்குச் சிக்கனமான மருந்து ஒன்று உண்டு. சுழலும் பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவது. குடோனையே மேஜைக்குப் பின்னால் உள்ள அலமாரிக்குக் கொண்டு வந்தது போல இருக்கும். ரேம் 4 ஜி.பி. இருந்தால் 8 ஆக்கலாம். இந்த இரண்டையும் செய்தாலே பல பழைய மெஷின்கள் எழுந்து நின்றுவிடுகின்றன. மெதுவாக ஓடுகிறது என்ற ஒரே காரணத்துக்காகப் புது மெஷின் வாங்க நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

விண்டோஸ் 11 மட்டும் ஏன் வேறு மாதிரி?

முன்பெல்லாம் புது விண்டோஸைப் பழைய மெஷினில் ஏற்றினால் திணறினாலும் ஏறிவிடும். விண்டோஸ் 11 அப்படி அல்ல. வேகமாக ஓடுகிற மெஷினையும் அது வேண்டாம் என்று தள்ளலாம். அது கேட்பவை முக்கியமாக இரண்டு.

முதலாவது, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு. ரகசியச் சாவிகளைத் தனியே பூட்டி வைக்கும் சிறு பெட்டி என்று இதைச் சொல்லலாம். இரண்டாவது, பிராசஸரின் தலைமுறை. இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையும் அதற்கு மேலும் இருக்க வேண்டும். இவை 2017-இன் பிற்பகுதியிலிருந்து சந்தைக்கு வந்தவை. ஏ.எம்.டி. ரைசன் என்றால் பொதுவாக 2000 வரிசையிலிருந்து.

தலைமுறையைக் கண்டுபிடிப்பது எளிது. கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் பிராசஸரின் பெயர் தெரியும். ஐ5 என்ற எழுத்துக்குப் பின் 8400 என்று இருந்தால் அது 8-ஆம் தலைமுறை. 7400 என்றால் 7-ஆம் தலைமுறை. ஐ3-க்குப் பின் 10100 என்று ஐந்து இலக்கம் இருந்தால் 10-ஆம் தலைமுறை. மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் 'பி.சி. ஹெல்த் செக்' என்ற சோதனை மென்பொருளும் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிராசஸர் 8-ஆம் தலைமுறையாகவே இருந்தும், "டி.பி.எம். இல்லை, விண்டோஸ் 11 ஏறாது" என்று திரையில் வரக்கூடும். பல மெஷின்களில் டி.பி.எம். உள்ளேயே இருந்தும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். விவரம் தெரிந்தவர் சில நிமிடங்களில் அதை இயக்கிவிடலாம். இந்தச் சிறு வேலையைச் செய்யாமல் புது மெஷின் வாங்கச் சொல்பவரிடம், "பயாஸில் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். ஏறக்கூடிய மெஷினுக்கு விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறுவதற்கு மைக்ரோசாப்ட் கட்டணம் வாங்குவதில்லை.

தகுதி இல்லாத மெஷினிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். ஏற்றலாம்தான். ஆனால் அப்படி ஏற்றிய மெஷின்களுக்கு அப்டேட் தொடர்ந்து கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை என மைக்ரோசாப்டே சொல்லியிருக்கிறது. பாதுகாப்புக்காக மாறுகிறோம், அந்தப் பாதுகாப்புக்கே உறுதி இல்லை என்றால் மாறுவதில் பயன் என்ன?

ஆபத்து உண்மையானதா?

பயமுறுத்தி விற்கிறார்கள் என்று நம்மவர்கள் சந்தேகப்படுவது நியாயம்தான். நடந்ததைச் சொல்கிறோம்.

2017 மே 12 அன்று 'வானாக்ரை' என்ற வைரஸ் உலகெங்கும் பரவியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. பைல்களைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கொடு என்று திரையில் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் ஸ்தம்பித்தன. நமக்கு அண்டையில், ஆந்திர மாநிலக் காவல் துறையின் கம்ப்யூட்டர்களும் சிக்கின. மேற்கு வங்க மின்வாரிய அலுவலகங்களிலும் பாதிப்பு ஏற்பட்டது.

அந்த வைரஸ் புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே, 2017 மார்ச்சில், வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 மெஷின்கள். அன்று அதற்கு ஆதரவு இருந்தது, அப்டேட்டும் இருந்தது, போட்டுக்கொள்ளத்தான் இல்லை. ஆகவே புது விண்டோஸ் வாங்கிவிட்டோம் என்பது மட்டும் காப்பாற்றாது. வரும் அப்டேட்டைத் தள்ளிப் போடாமல் ஏற்றிக்கொள்வதும் வேண்டும்.

இன்னோர் உதாரணம், நம் ஊர் ஏ.டி.எம். இயந்திரங்கள். எக்ஸ்.பி.க்கு 2014-இல் ஆதரவு முடிந்தும் பல ஏ.டி.எம்.கள் அதிலேயே ஓடிக்கொண்டிருந்தன. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. அந்த செப்டம்பருக்குள் 25 சதவீதம், டிசம்பருக்குள் 50 சதவீதம், 2019 மார்ச்சுக்குள் 75 சதவீதம், ஜூனுக்குள் முழுவதும் மாற்றி முடிக்க வேண்டும் என்று தவணை வைத்தது. ரிசர்வ் வங்கி ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை, மாற்றாமல் இருக்கவும் விடவில்லை. நாமும் அந்த வழியில் திட்டமிடுவது நல்லது.

மெல்ல அடையும் கதவு

வைரஸ் வராவிட்டாலும் இன்னொரு வகையில் பழைய மெஷின் நின்றுபோகும். நாம் ஜி.எஸ்.டி. தளத்தையும் வங்கியையும் திறப்பது குரோம், பயர்பாக்ஸ் போன்ற பிரவுசர்கள் வழியாக. விண்டோஸுக்கு ஆதரவு முடிந்து சில காலம் கழித்துப் பிரவுசர் நிறுவனங்களும் கையை விரித்துவிடுகின்றன. எக்ஸ்.பி.க்கு 2014-இல் முடிந்தது, 2016-இல் குரோம் நிறுத்தியது. விண்டோஸ் 7-க்கு 2020-இல் முடிந்தது, 2023 பிப்ரவரியில் குரோம் நிறுத்தியது. இரண்டு, மூன்று ஆண்டு இடைவெளி.

பழைய பிரவுசரில் முதலில் ஒரு பக்கம் சரியாகத் திறக்காது. பிறகு வங்கித் தளம் எச்சரிக்கும். கடைசியில் உள்ளேயே விடாது. இது ஜி.எஸ்.டி. கெடு நாளன்று நேர்ந்தால் தாமதக் கட்டணமும் வட்டியும் நம் தலையில்தான் விழும். இந்த இடைவெளியை மாறுவதற்குக் கிடைத்த அவகாசமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் கடைக்கே உரிய சிக்கல்கள்

பெரிய அலுவலகங்களுக்கு இல்லாத சில சிக்கல்கள் நமக்கு உண்டு. மாறுவதற்கு முன் இவற்றைச் சரிபார்க்காவிட்டால் மாறிய மறுநாள் கடையில் பில் போட முடியாது.

1. டாஸ் காலத்து மென்பொருள்: சில மண்டிகளில் இன்றும் டாஸில் எழுதிய பழைய கணக்கு மென்பொருள் ஓடுகிறது. விண்டோஸ் 11 என்பது 64-பிட் மட்டுமே. பழைய 16-பிட் டாஸ் மென்பொருள் அதில் நேராக ஓடாது. மாறுவதற்கு முன் அந்தக் கணக்கிலுள்ள பாக்கி விவரம் முழுவதையும் அச்செடுத்துவிட வேண்டும்.

2. பிரிண்டர்: டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கும் தெர்மல் பில் பிரிண்டருக்கும் புது விண்டோஸுக்கு ஏற்ற டிரைவர் வேண்டும். பழைய பிரிண்டரின் தடித்த கேபிளுக்கு உரிய துளை புது மெஷினில் இருக்காது. மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு முன்பே விசாரியுங்கள்.

3. எடை மெஷின்: எடையை நேராக பில்லுக்கு அனுப்பும் மெஷின்கள் பல, சீரியல் போர்ட் மூலம் இணைந்தவை. புது கம்ப்யூட்டரில் அதற்கு மாற்று இணைப்பு வேண்டியிருக்கலாம்.

4. தமிழ் எழுத்து: சரக்குப் பெயர்களைத் தமிழில் அடித்து வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். யூனிகோடு வருவதற்கு முன்பிருந்த பழைய எழுத்துருக்களில் அடித்திருந்தால், அந்த எழுத்துருவைப் புது மெஷினில் ஏற்றாவிட்டால் துவரம் பருப்பு என்பது புரியாத கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடில் அடித்தவர்களுக்கும் ஒரு குறிப்பு: விண்டோஸ் 2000 முதல் கூடவே வந்த 'லதா' எழுத்துரு, விண்டோஸ் 10 முதல் தேவைப்பட்டால் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் பகுதிக்குப் போய்விட்டது. பில்லில் எழுத்தின் அளவு மாறி வரி உடைந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

5. கணக்கு மென்பொருள்: டேலி போன்றவற்றின் புதுப் பதிப்புகளுக்கும் தேவைகள் உண்டு. டேலி பிரைம் 64-பிட் விண்டோஸில்தான் ஓடும். சில இடங்களில் விண்டோஸைவிட மென்பொருளே முதலில் மாற்றத்தைக் கேட்கும்.

எந்த மெஷினுக்கு எந்த முடிவு?

முதல் வகை: இன்டர்நெட் இணைப்பே இல்லாமல் பில் மட்டும் போடும் மெஷின். இதை அவசரமாக மாற்ற வேண்டியதில்லை. இணைப்பைத் துண்டித்தே வைத்திருங்கள், கண்ட பென் டிரைவைச் செருக வேண்டாம், தினமும் கணக்கை நகல் எடுங்கள். பழுதாகும் வரை ஓடட்டும்.

இரண்டாம் வகை: ஜி.எஸ்.டி., ஈ-வே பில், வங்கி, இ-மெயில் பார்க்கும் மெஷின். இது ஆதரவு உள்ள சிஸ்டத்தில்தான் இருக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

மூன்றாம் வகை: இரண்டு மூன்று கவுண்டர்கள் ஒன்றோடொன்று கேபிளில் இணைந்த கடை. இவற்றை ஒரே மெஷினாகத்தான் எண்ண வேண்டும். வானாக்ரை பரவியது இப்படிப்பட்ட உள் இணைப்பு வழியாகத்தான். ஒரு மூலையில் இருக்கும் பழைய மெஷின் மற்ற எல்லாவற்றுக்கும் திறந்த கதவாகிவிடும்.

சிறிய மளிகைக் கடைகளில் ஒரே மெஷின்தான் எல்லா வேலையும் செய்யும். அவர்கள் செலவைக் குறைக்க வழி, வேலையைப் பிரிப்பதுதான். பழைய மெஷினை இணைப்பில்லாமல் பில்லுக்கு வைத்துக்கொண்டு, வங்கி, ஜி.எஸ்.டி. வேலைகளை மட்டும் ஆதரவு உள்ள இன்னொரு மெஷினில் செய்யலாம். வாரம் முழுவதும் பில் போட வேண்டியதில்லை என்பதால் அந்த இரண்டாவது மெஷின் பெரியதாக இருக்கவும் வேண்டாம்.

உள்ள வழிகள்

மைக்ரோசாப்டின் நீட்டிப்பு: விண்டோஸ் 10-இலேயே இருக்க விரும்புவோருக்குக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் ஒன்றை மைக்ரோசாப்ட் அறிவித்தது. வீட்டு உபயோக மெஷின்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை என்றும், கட்டணம் 30 டாலர் என்றும், சில நிபந்தனைகளோடு கட்டணமில்லாமலும் பெறலாம் என்றும் சொன்னது. நிறுவனங்களுக்கான திட்டம் வேறு: ஒரு மெஷினுக்கு முதலாண்டு 61 டாலர், ஒவ்வோர் ஆண்டும் இரட்டிப்பு, அதிகபட்சம் மூன்றாண்டு. கணக்குப் போட்டால் 61, 122, 244 என மொத்தம் 427 டாலர். இவ்வளவு கொடுத்துப் பழைய மெஷினைக் கட்டிக்கொண்டிருப்பதைவிடப் புதுசு வாங்கலாம். ஓராண்டு மூச்சுவிட நேரம் வேண்டும் என்பவருக்கே இது பொருந்தும்.

லினக்ஸ்: இதற்கு விலை இல்லை; பழைய மெஷினிலும் ஓடும். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்ற லினக்ஸ் உண்டு. உபுண்டு, மின்ட் ஆகியவையும் உண்டு. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் தொடக்க ஆண்டுகளில் விண்டோஸுடன் பாஸும் கொடுக்கப்பட்டது. பிரவுசர் வேலைக்கு லினக்ஸ் நன்றாகவே போதும். ஆனால் விண்டோஸுக்கென்று எழுதிய கணக்கு மென்பொருள் அதில் நேராக ஓடாது. மேலே சொன்ன இரண்டாவது மெஷினுக்கு, வீட்டில் சும்மா கிடக்கும் மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் ஏற்றிப் பயன்படுத்துவது பலருக்கு ஒத்து வரும்.

பழைய மெஷின் வாங்குவது: பெரிய கம்பெனிகள் கழித்த மெஷின்கள் மலிவாகக் கிடைக்கும். 8-ஆம் தலைமுறைக்குக் கீழே இருந்தால் மலிவு என்று வாங்காதீர்கள். ஆதரவு முடிந்ததால்தான் அவை கழிக்கப்பட்டிருக்கும்.

புதிது வாங்குவது: கம்ப்யூட்டருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். நமது ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் வாங்கினால் வழக்கமான வரி செலுத்துவோர் அந்த வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். வரித் தொகையையும் சேர்த்துத் தேய்மானம் எழுதினால் எடுக்க முடியாது. காம்பவுண்டிங் முறையில் இருப்பவர்களுக்கு இது கிடையாது. விலை ஒப்பிடும்போது இதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

திருட்டு விண்டோஸ் வேண்டவே வேண்டாம். அதைத் திறந்து வைக்கும் 'கிராக்' மென்பொருளோடு வைரஸும் சேர்ந்து வரலாம். பூட்டைச் சரிசெய்யத் திருடனையே கூப்பிட்ட கதையாகிவிடும்.

எப்போது, எப்படி மாறுவது?

பௌர்ணமி கிரிவலத்துக்கு முந்திய நாட்களிலும், தீபத் திருவிழாப் பத்து நாட்களிலும், தீபாவளி, பொங்கல் வியாபாரத்திலும் மெஷினைத் தொடவே கூடாது. மாதக் கணக்கு ஏற்றுபவர்கள் 11-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் முன்பு மாற்ற வேண்டாம். 20-ஆம் தேதி வரி கட்டி முடித்த பிறகு, பௌர்ணமி இல்லாத வாரத்தில், கூட்டம் குறைந்த ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

மாற்றுவதற்கு முன் கணக்கு முழுவதையும் இரண்டு நகல் எடுங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். ஒரு நகலை வேறு மெஷினில் திறந்து பாருங்கள். திறக்காத நகல் நகலே அல்ல. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை ஆண்டு அறிக்கையின் கெடு நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2025-26-ஆம் ஆண்டுக் கணக்குக்குக் கெடு 2026 டிசம்பர் 31 என்றால், 2032 டிசம்பர் 31 வரை அது நம்மிடம் இருக்க வேண்டும். மெஷின் மாறிவிட்டது, பழைய கணக்கு போய்விட்டது என்று அதிகாரியிடம் சொல்ல முடியாது.

புது மெஷின் வந்ததும் பழையதைக் கழற்றிவிடாதீர்கள். ஒரு வாரமாவது இரண்டும் இருக்கட்டும். மாலையில் கடை கட்டும்போது புது மெஷினின் மொத்தம் கல்லாவோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். பாக்கிப் பட்டியலை இரண்டிலும் எடுத்து ஒப்பிடுங்கள்.

கையெழுத்து பில் புத்தகம் ஒன்று கடையில் எப்போதும் இருக்கட்டும். 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் கோளாறான அப்டேட்டால் உலகெங்கும் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குப் பேனாவால் எழுதி போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். விமானக் கம்பெனிக்கே அந்த நிலை என்றால், நமக்கு ஒரு பில் புத்தகம் பெரிய செலவல்ல.

பழைய மெஷினை விற்பதாக இருந்தால் ஹார்டு டிஸ்கை முழுமையாக அழிக்கச் செய்யுங்கள், அல்லது கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அதில் வாடிக்கையாளர் பாக்கியும் செல்போன் எண்களும், பிரவுசரில் சேமித்த வங்கி பாஸ்வேர்டுகளும் இருக்கும்.

உறுப்பினர்களுக்கு வேண்டுகோள்

இந்த வாரமே ஒரு தாளை எடுத்து, கடையிலுள்ள ஒவ்வொரு மெஷினுக்கும் நான்கு விவரங்களை எழுதுங்கள்: எந்த விண்டோஸ், எந்தத் தலைமுறை பிராசஸர், இன்டர்நெட் உண்டா இல்லையா, என்னென்ன வேலை செய்கிறது. அந்தத் தாள் கையில் இருந்தால் எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்பது தானாகவே தெரிந்துவிடும். விற்க வருபவரும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருக்கும்.

சரக்கு வாங்கும்போது தேதி பார்த்து, தேவை பார்த்து, விலை பார்த்து வாங்குபவர்கள் நாம். கம்ப்யூட்டரும் அப்படி வாங்க வேண்டிய ஒரு சரக்குதான்.